போரோபுதூர் சிற்பத்தில் இருப்பது வீணையா?

நீங்கள் அனுப்பிய படம் பார்த்தேன். இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் உள்ள பௌத்தக் கோயிலான போரோபுதூரில் ஒருவர் மார்போடு ஒரு கோலை அணைத்து வாசிக்கிறாரே, அது வீணையா, வீணை என்றால் குடம் எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். வீணைதான், ஆனால் நம் வீட்டு வீணை இல்லை. ஒரு தண்டு, பாதியாக வெட்டிய சுரைக்குடுவை, அவ்வளவுதான். மெட்டுகள் கிடையாது. குடுவையின் திறந்த வாயை நெஞ்சில் வைத்து, அழுத்தியும் விலக்கியும் ஒலியை மாற்றுவார்கள். அதனால்தான் குடுவை உடம்போடு ஒட்டி மறைந்துவிடுகிறது. கம்போடியாவில் இந்த வகைக் கருவியை இன்றும் வாசிக்கிறார்கள்.

ஜாவாவின் கேமலான் வாத்தியக் குழுவில் வாசிக்கும் கோங்குகளை, அதாவது தட்டி ஒலிக்கும் வெண்கல வட்டுகளை, அந்தச் சிற்பங்களில் தேடிச் சலித்துப்போனதாகவும் எழுதியிருந்தீர்கள். 8, 9ஆம் நூற்றாண்டுகளில் எழுந்த போரோபுதூரில் குழல், சங்கு, தாளம், மத்தளம், மடியில் வைத்துத் தட்டும் பானை (அப்படியே நம் கடம்!) போன்றவைதான் கண்ணில் படும். கோங்குக்கு கிழக்கு ஜாவாவின் பனத்தரான் கோயிலுக்குப் போங்கள். அங்கே 14ஆம் நூற்றாண்டுச் சிற்பத்தில், ஒரு தண்டின் இரு முனையிலும் சிறு கோங்கு பொருத்திய ரெயோங் இருக்கிறது.

அப்புறம், உச்சி வெயிலில் படம் எடுக்காதீர்கள். சாய்ந்த வெளிச்சத்தில்தான் செதுக்கல் தெளிவாகத் தெரியும்.