உறைஞ்ச ஏரில ஐஸை ஓட்டை போட்டு ட்ரவுட் மீன் பிடிக்கிறது எப்படி இருக்கும்? பயமா இருக்காதா?

நீங்க கனடா போகப்போறீங்க, ஏதோ ரீல்ஸ் பாத்துட்டு கேக்கறீங்கன்னு நினைக்கிறேன். நான் ஒரே ஒரு தடவைதான் போயிருக்கேன், ஒரு தடவை போனவன்லாம் பதில் எழுத வந்துட்டான்னு சொல்றவங்க சொல்லிக்கோங்க.

நான் காசிமேட்டுக்காரன். தாத்தா கட்டுமரம், நைனா ஃபைபர் போட். எட்மண்டன்ல வேலைல இருந்தப்ப கூட இருந்தவங்க பிப்ரவரில எல்லோநைஃப் போயி கிரேட் ஸ்லேவ் ஏரில ஐஸ் ஃபிஷிங் பண்ணலாம்னு கூப்ட்டாங்க, மீன் பிடிக்க எனக்கே சொல்லித் தரப்போறாங்களான்னு ஒரு தெனாவட்டோடதான் போனேன். பத்து நிமிஷம் தாங்கல அந்த தெனாவட்டு.

அன்னிக்கு மைனஸ் 34. மூக்குக்குள்ள இருக்கற முடி உறைஞ்சு முள்ளு மாதிரி குத்துது, கண்ண மூடினா இமை ஒட்டிக்குது. ஆகர்னு ஒரு மிஷின், நம்ம தெருவுல போர் போடறாங்கல்ல அதோட குட்டி, இறங்குது இறங்குது இறங்கிக்கிட்டே இருக்கு, மூணு அடி தாண்டினப்புறம்தான் தண்ணி குபுக்னு மேல வந்துச்சு. தூண்டில் கழி ரெண்டரை அடிதான், பசங்க விளையாட்டு சாமான் மாதிரி. தங்கூசி நரம்புல தூண்டில் முள்ளு கட்ட கிளவுஸை கழட்டினேன், அஞ்சு வயசுலருந்து போடற முடிச்சு, அன்னிக்கு வரவே இல்ல. ரெண்டு நிமிஷத்துல விரல் நுனி வெளுத்து மெழுகுவத்தி மாதிரி ஆயிருச்சு, வலியும் இல்ல. கூட வந்த கைடு என் கையை புடிச்சு என் அக்குள்லயே திணிச்சு விட்டாரு. அப்புறம் ஓட்டைல கஞ்சி மாதிரி ஐஸ் கட்டிக்கிட்டே இருக்கும், ஜல்லிக்கரண்டி மாதிரி ஒண்ணை வச்சு அள்ளி அள்ளி கொட்டணும். அதுதான் என் வேலைன்னு ஆயிப்போச்சு.

பயமான்னு கேட்டீங்க. திடீர்னு காலுக்கு அடில டொம்ம்ம்னு ஒரு சத்தம், ஏரி இந்தக் கோடிலருந்து அந்தக் கோடிக்கு ஓடுது. நான் கழியை போட்டுட்டு கரையை பாத்து ஓடினேன், எல்லாரும் சிரிச்சாங்க. குளிருக்கு ஐஸ் சுருங்கி விரியறப்ப அப்படித்தான் கத்துமாம். நாலு இஞ்ச் கெட்டி ஐஸ் இருந்தா ஆள் நிக்கலாம்னு கணக்கு, அதே ஏரி மேல எல்லோநைஃப்லருந்து டெட்டா ஊருக்கு ஆறு கிலோமீட்டர் சொச்சத்துக்கு ரோடே போட்டு கார் ஓட்டறாங்க. இதெல்லாம் தெரியும், ஆனா கால் கேக்கணுமே.

நைனாவுக்கு வீடியோ கால் போட்டேன், அங்க ராத்திரி பத்தரை, இங்க காலைல பத்து. முதல் கேள்வியே "கீழ எத்தினி பாகம்டா?"ன்னாரு. கைடோட சோனார்ல அறுபது அடி, பத்து பாகம்னேன். "மேல கல்லாட்டம் கீது, கீழ மீனு எப்டிடா உசுரோட கீது?" தண்ணி 4 டிகிரிலதான் கனம் ஜாஸ்தி, அது அடிக்கு போயிடும், ஐஸ் லேசு, மேல மிதந்துக்கிட்டு போர்வை மாதிரி மூடிக்கும், ட்ரவுட்டுக்கு சில்லுத் தண்ணிதான் புடிக்கும்னு சொல்லிட்டே இருக்கேன், குளிருக்கு போன் செத்துப்போச்சு.

மூணு மணி நேரத்துக்கு எனக்கு ஒரே மீன், லேக் ட்ரவுட், மூணு கிலோ இருக்கும். (அது ட்ரவுட்டே இல்ல, 'சார்'ங்கற (char) வேற இனம்னு கமெண்ட்ல வராதீங்க, தெரியும், அங்க அப்படித்தான் கூப்பிடறாங்க.) ஐஸ் மேல ரெண்டு துள்ளு துள்ளுச்சு, கொஞ்ச நேரத்துல விறகுக் கட்டை.

லைசென்ஸ் இல்லாம தூண்டில் போட முடியாது, ஒரு நாளைக்கு இத்தனை மீன்தான்னு கணக்கு வேற. ஓட்டைலருந்தே தண்ணி மொண்டு டீ போட்டாங்க. எனக்கு அங்க நின்னுட்டே வயிறு எரிஞ்சுது. சித்தப்பா வீடு எண்ணூர் காட்டுக்குப்பம், 2023 டிசம்பர் புயல் வெள்ளத்துல ஆறு பூரா எண்ணெய், எங்க ஆளுங்க வாளியாலயும் கையாலயும் அள்ளினாங்க, வலை, போட் எல்லாம் கறுப்பு. அதுக்கப்புறம் எங்க அம்மா விக்கற கூடைல இருந்த வஞ்சிரத்தை பாத்துட்டு, வாங்க வந்தவங்க எண்ணூர் மீனான்னு கேட்டு வாங்காம போனாங்க. வஞ்சிரம் ஆத்துலயா கிடைக்கும்? சரி விடுங்க, இது வேற கதை.

நீங்க போறதா இருந்தா காட்டன், ஜீன்ஸ் போட்டுக்காதீங்க, வேர்வை ஊறினா அவ்ளோதான், கம்பளிதான் சரி. டென்ட்டுக்குள்ள ஹீட்டர் போட்டா காத்து போக வழி விடுங்க, கண்ணுக்குத் தெரியாத விஷ வாயுலயே ஆள் காலி. உள்ளூர் ஆள் இல்லாம ஐஸ்ல இறங்காதீங்க.

ராத்திரி போட்டோ எல்லாம் நைனாவுக்கு அனுப்பினேன். அவர் மீனை பாக்கவே இல்ல. கடலுக்கு போற ஒவ்வொரு தடவையும் ஐஸ் பாருக்கு காசு குடுத்தே நொந்தவர் அவரு. அமெரிக்கால இதே மாதிரி ஏரி ஐஸை வெட்டி கப்பல்ல மெட்ராஸ் கொண்டாந்து வச்ச இடம்தான் நம்ம பீச் ரோடு ஐஸ் ஹவுஸ்னு நான் ஒரு பக்கம் கதை சொல்றேன். அவர் கேட்டது ஒண்ணுதான்:

"அவ்ளோ ஐஸும் சும்மாவாடா கெடக்குது?"