சேட்ஸ்வர்த் கொல்லையில் ஒரு சூரியத் தொட்டி: தண்ணீர் ஏன் 60 டிகிரியைத் தாண்டவில்லை?

கேள்வி: டர்பன் சேட்ஸ்வர்த்தில் கோயில் விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கிறோம். சமைக்கும் நாளில் 200 லிட்டர் வெந்நீராவது வேண்டும். காஸ் செலவு கட்டுப்படியாகவில்லை. நார்தர்ன் கேப் மாகாணத்தில் அப்பிங்டன் பக்கம் சூரிய மின் ஆலையில் பார்த்த, வெயிலைக் குழாயின் மேல் குவிக்கும் கண்ணாடித் தொட்டிகளைப் போல ஒன்று செய்யலாமென்று, 2.45-க்கு 1.225 மீட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டை அரைவட்டமாக வளைத்து, கறுப்புப் பெயின்ட் அடித்த 22 மி.மீ. செம்புக் குழாயை நடுவில் மாட்டினேன். அரை மணிக்கொரு தடவை வெயிலைப் பார்த்துத் திருப்பியும் தண்ணீர் 60 டிகிரியைத் தாண்டவில்லை. எங்கே பிசகு, ஐயா?

பதில்: பெரிய பிசகு அந்த அரைவட்டம்தான். உங்கள் தகட்டை அரைவட்டமாக வளைத்தால் ஆரம் 39 செ.மீ. வரும். வட்டத்துக்கு ஒரே குவியம், அதாவது கதிரெல்லாம் வந்து சேரும் ஒரே இடம், கிடையாது. நடுவில் விழும் கதிர்கள் அடியிலிருந்து 19.5 செ.மீ. உயரத்தில் வந்து சேரும்; குழாயை அங்கேயே வைத்தாலும், ஓரத்துக்குப் போகப் போக, கதிர்கள் குழாய்க்குக் கீழே குறுக்காகப் போய்விடும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 78 செ.மீ. வாயகலத்தில், நடுவே சுமார் 30 செ.மீ. பட்டையில் விழும் வெயில் மட்டுமே குழாயைத் தொடுகிறது. மிச்சமெல்லாம் வீண். தொட்ட வெயிலிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலே விழுங்கிவிடும், பளபளப்பு கண்ணுக்குத்தான்.

வேண்டிய வடிவம் பரவளையம், நேராக விழும் கதிரையெல்லாம் ஒரே குவியத்தில் சேர்க்கும் வளைவு. அதே அளவுத் தகட்டுக்குக் குவியத் தொலைவு 26.7 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், வாயகலம் 1.07 மீட்டர் கிடைக்கும். பிளைவுட்டில் அச்சு வெட்ட அளவு இதோ: நடுவிலிருந்து 10 செ.மீ. தள்ளினால் உயரம் 0.9, 20-க்கு 3.7, 30-க்கு 8.4, 40-க்கு 15, விளிம்பில் 53.4-க்கு 26.7. இந்த வடிவத்தில் குவியம் சரியாக விளிம்பு மட்டத்தில் அமையும். ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நூல் கட்டினால், அதன் நடுவில்தான் குழாயின் மையம் இருக்க வேண்டும். தகடு சூரிய வேலைக்கென்றே விற்கும் அலுமினியமாக இருக்கட்டும். 85 சதவீதத்துக்கு மேல் பிரதிபலிக்கும். தகட்டைத் தாங்கும் பிளைவுட் அச்சுகளுக்கு நடுவே இடைவெளி அதிகமானால் தகடு நடுவில் தொய்யும். தகடு ஒரு டிகிரி சாய்ந்தால் கதிர் இரண்டு டிகிரி விலகும், அதனால் இந்த இடத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

அடுத்தது குழாய். வெறும் குழாயின் மேல் கடற்காற்று பட்டால், தண்ணீர் 90 டிகிரியில் இருக்கும்போது 350, 400 வாட் காற்றோடு போய்விடும். மேலே ஒரு கண்ணாடிக் குழாய் போர்த்தினால் இழப்பு 100 வாட் அளவுக்கு இறங்கும். நீங்கள் பார்த்த வகை ஆலைகளில் இதைத்தான் உச்சத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அதே மாகாணத்தில் பொஃபாடர் அருகே 2015-இல் ஓடத் தொடங்கிய 100 மெகாவாட் காக்ஸு ஆலையில், உலோகக் குழாய்க்கும் கண்ணாடிக்கும் நடுவே காற்றே கிடையாது, வெற்றிடம். உள்ளே ஓடும் எண்ணெய் 390 டிகிரியை ஒட்டிச் சூடாகிறது.

சரி, திருப்புவது? சூரியன் 4 நிமிடத்துக்கு ஒரு டிகிரி நகர்கிறது. 1.07 மீட்டர் வாய்க்கு 22 மி.மீ. குழாய் வைத்தால் ஒரு பக்கத்துக்கு 1.2 டிகிரிதான் பொறுக்கும். அரை மணியில் சூரியன் ஏழரை டிகிரி போயிருக்கும்! மோட்டார் இல்லாவிட்டால் தொட்டியைக் கிழக்கு மேற்காகக் கிடத்தி, வாயை வடக்கு நோக்கிச் சாயுங்கள். செப்டம்பர் 22-ஐ ஒட்டி, அதாவது புரட்டாசியில், டர்பனுக்கு 30 டிகிரி சாய்வு வைத்தால் நாள் முழுக்க கிட்டத்தட்ட அசைக்கவே வேண்டாம். இரண்டு நாளுக்கொரு முறை சரிபார்த்தால் போதும். ஆனால் காலை 9 மணிக்கு வெயில் சரிந்து விழுவதால் 30 சதவீதம் போல் குறையும். ஜூன், டிசம்பரில் இந்த வசதியும் இருக்காது.

இவ்வளவையும் திருத்தினால் என்ன கிடைக்கும்? தெளிந்த வானத்தில் நேர்க்கதிர் சதுர மீட்டருக்கு 800 வாட் என்றால், 2.6 சதுர மீட்டர் தொட்டி நண்பகலில் 1,250 வாட் போலத் தரும். நல்ல நாளில் மொத்தம் 5 கிலோவாட் மணி. 20 டிகிரித் தண்ணீர் 60 லிட்டரை 90 டிகிரிக்குக் கொண்டுபோகும். உங்கள் 200 லிட்டருக்கு மூன்று நான்கு தொட்டிகள் வேண்டும்.

அதுவும் நல்ல நாளில்தான். தொட்டிக்கு வேண்டியது நேராக வரும் கதிர். மேகமும் ஈரப்பதமும் சிதறடித்த வெளிச்சத்தை அது குவிக்காது. அப்பிங்டனில் ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 2,800 கிலோவாட் மணி போல நேர்க்கதிர் கிடைக்கிறது. டர்பனில் ஏறத்தாழ அதில் பாதிதான். நமக்கு வானம் தெளிந்திருப்பது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. உங்களுக்கு ஆர்டர் குவியும் புரட்டாசியிலும் தைப்பூசக் காவடியிலும் மேகம் கூடவே வரும்.

அதனால் என் யோசனை வேறு. வெற்றிடக் கண்ணாடிக் குழாய் வைத்த சோலார் கீசரைக் கூரையில் போடுங்கள். சிதறிய வெளிச்சத்தையும் அது வாங்கிக்கொள்ளும், திருப்ப ஆள் வேண்டாம். தண்ணீரை 65 டிகிரிக்கு அது கொண்டுவந்து விட்டால், 90-க்குத் தேவையான வெப்பத்தில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு ஆயிற்று. பாக்கிக்கு மட்டும் காஸ். 100 டிகிரிக்கு மேல் நீராவி வேண்டும் என்கிறவர்களுக்குத்தான் தொட்டி லாபம், அதுவும் நார்தர்ன் கேப் மாதிரி வறண்ட இடத்தில்.

ஆசைக்காகத் தொட்டியைத் திருத்தித்தான் பார்ப்பேன் என்றால், தடுக்க மாட்டேன். குழாயின் இரு முனையிலும் வால்வு போட்டு அடைக்காதீர்கள். மேல் முனையிலிருந்து திறந்த குழாய் ஒன்று மேலே போகட்டும். அடைபட்ட தண்ணீர் நீராவியானால் குழாயே வெடிக்கும். தண்ணீர் ஓடாத நேரத்தில் வாயைத் தரைப்பக்கம் கவிழ்த்து வையுங்கள். குழாயைச் சரிபார்க்கும்போது வெல்டிங் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.