ட்ராக்ஸில் ஒரு டைல் வைத்தேன், நாலு டைல் சேர்ந்து விழுந்தது: அது யார் கணக்கு?

கேள்வி: நியூசிலாந்திலிருந்து வந்த அண்ணன் ட்ராக்ஸ் என்றொரு ஆட்டம் கொண்டுவந்து கொடுத்தார். பெட்டியில் விதித்தாள் இல்லை. அவர் வாயால் சொன்னதை வைத்து நானும் எட்டாம் வகுப்பு படிக்கும் மகளும் ஆடுகிறோம். ஒரு டைல் வைத்ததும் ‘கட்டாயமாக’ வைக்க வேண்டிய டைல்கள் வருகின்றனவே, அவற்றை யார் வைப்பது, அது யாருடைய முறை என்று தினமும் சண்டை. இன்னொரு குறையும் உண்டு. பத்து ஆட்டத்தில் எட்டில் அவள்தான் ஜெயிக்கிறாள், அதிலும் பாதி நான் வைத்த டைலாலேயே. போதாக்குறைக்கு ஏழெட்டு டைல்களைக் காணவில்லை. என்ன செய்யலாம்?

பதில்:

முதலில் சண்டையைத் தீர்த்துவிடுவோம். கட்டாய டைல்கள் எல்லாமே முதல் டைலை வைத்தவரின் கணக்குதான். நீங்கள் ஒரு டைல் வைக்கிறீர்கள், அதனால் இன்னும் நாலு இடம் நிரம்ப வேண்டியிருக்கிறது என்றால் ஐந்தும் சேர்ந்து உங்களுடைய ஒரே முறை. எல்லாம் வைத்து முடிந்த பிறகுதான் மகளின் முறை. கை யாருடையதாக இருந்தாலும் பரவாயில்லை, மகள் எடுத்து வைத்தாலும் அது உங்கள் ஆட்டமே. எந்த இடத்தை முதலில் நிரப்புவது என்றும் மல்லுக்கட்ட வேண்டாம். கட்டாய இடத்தில் டைல் ஒரே விதமாகத்தான் உட்காரும், ஆகவே எந்த வரிசையில் வைத்தாலும் முடிவு ஒன்றுதான்.

விதித்தாள் இல்லை என்பதால் மற்ற விதிகளையும் சொல்லிவிடுகிறேன். டேவிட் ஸ்மித் என்ற நியூசிலாந்துக்காரர் 1980-ல் உருவாக்கிய ஆட்டம் இது. பலகை கிடையாது, பகடை கிடையாது, கையில் மறைத்து வைக்கும் காயும் கிடையாது. எல்லா டைலும் ஒரே அச்சு, சதுரம். ஒரு பக்கத்தில் இரண்டு நிறக் கோடுகள் கூட்டல் குறி போலக் குறுக்கே வெட்டிக்கொள்ளும். மறுபக்கத்தில் அதே இரண்டு நிறங்கள் எதிரெதிர் மூலைகளைச் சுற்றி வளைந்து போகும். வெள்ளை, சிவப்பு என்று வைத்துக்கொள்வோம், வெள்ளைக்காரர் ஆரம்பிப்பார். டைல் யாருக்கும் சொந்தமில்லை, கோட்டின் நிறம்தான் சொந்தம். புதிய டைல் ஏற்கெனவே கிடப்பதை ஒட்டி உட்கார வேண்டும், தொடும் விளிம்புகளில் நிறம் பொருந்த வேண்டும்.

ஜெயிக்க இரண்டு வழி. உங்கள் நிறக் கோடு எங்காவது வளையமாக மூடிக்கொள்ள வேண்டும், சின்னதோ பெரியதோ, எந்த வடிவமானாலும் சரி. அல்லது கிடக்கும் டைல்கள் முழுவதற்குமான ஒரு ஓரத்திலிருந்து எதிர் ஓரம் வரை உங்கள் நிறம் அறுபடாமல் போக வேண்டும், அந்த அகலம் குறைந்தது 8 வரிசை இருக்க வேண்டும். கோடு நேராக ஓட வேண்டும் என்பதில்லை, நெளிந்து நெளிந்து போகலாம். ஆனால் இரண்டு முனையும் கடைசி ஓரங்களைத் தொட வேண்டும். ஒரே முறையில் இருவருக்கும் வெற்றி அமைந்துவிட்டால் ஆடியவருக்கே வெற்றி. எதிராளிக்கு மட்டும் வளையம் மூடிவிட்டால், மூடியது உங்கள் கைதான் என்றாலும் வெற்றி எதிராளிக்கு. நீங்கள் மகளிடம் தோற்கிற கதை இதுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது கட்டாயம் எங்கே பிறக்கிறது என்று பார்ப்போம். காலியாக இருக்கும் ஒரு இடத்துக்குள் ஒரு கோடு மட்டும் வந்து நிற்கிறது என்றால், அங்கே டைலை மூன்று விதமாக வைக்கலாம். கோடு நேரே போகலாம், இடப்புறம் திரும்பலாம், வலப்புறம் திரும்பலாம். வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று என்று இரண்டு வந்து நின்றால் இரண்டு விதம். ஒரே நிறத்தில் இரண்டு வந்து நின்றால் ஒரே விதம், அந்த இரண்டையும் இணைத்தே ஆக வேண்டும். இதுதான் கட்டாயம். ஒரே நிறத்தில் மூன்று வந்து நின்றால் அங்கே வைக்க டைலே கிடையாது. அப்படி ஒரு நிலை வந்தால் அந்த முறை முழுவதும் செல்லாது. வைத்ததையெல்லாம் திரும்ப எடுத்துவிட்டு வேறு ஆட வேண்டும்.

மூன்று, இரண்டு, ஒன்று, பூச்சியம். இந்தக் கணக்கை மட்டும் மனதில் பதித்துக்கொண்டால் போதும், உங்கள் தோல்விகளில் பாதி குறைந்துவிடும். ஆரம்பத்தில் எல்லோரும் டைல்களையே பார்க்கிறோம். பார்க்க வேண்டியது டைல்களுக்கு இடையே இருக்கும் காலி மூலைகளை, அதாவது இரண்டு டைல்களை ஒட்டியிருக்கும் காலி இடங்களை. ஒருவருடைய முறை சரியாக முடிந்திருக்கிறது என்றால், அந்த நிமிடத்தில் மேஜையில் உள்ள ஒவ்வொரு காலி மூலைக்குள்ளும் ஒரு வெள்ளையும் ஒரு சிவப்பும்தான் வந்து நிற்கும். வேறு எப்படியும் இருக்க முடியாது, இருந்திருந்தால் அது அப்போதே நிரம்பியிருக்கும். மூன்று பக்கமும் அடைபட்ட பள்ளமும் மிஞ்சாது. இரண்டே நிறங்கள், மூன்று விளிம்புகள் என்றால் குறைந்தது இரண்டு விளிம்புகள் ஒரே நிறமாகத்தான் இருக்கும், பள்ளம் தானாக மூடிக்கொள்ளும்.

இதனால் உங்கள் வேலை மிச்சம். டைல் வைத்ததும் மேஜை முழுக்கத் தேட வேண்டியதில்லை. இப்போது வைத்த டைலை ஒட்டியிருக்கும் காலி இடங்களை மட்டும் பாருங்கள், அதிகபட்சம் மூன்றுதான். அதில் எதற்குள்ளாவது ஒரே நிறம் இரண்டு நுழைகிறதா? நுழைந்தால் நிரப்புங்கள். நிரப்பிய டைலை ஒட்டிய இடங்களை மறுபடி அதேபோலப் பாருங்கள். நிற்கும் வரை தொடருங்கள். டைலைக் கையில் வைத்துக்கொண்டே மனதுக்குள் இதைச் செய்து பார்த்துவிட்டு அப்புறம் கீழே வையுங்கள். முதல் வாரம் அலுப்பாக இருக்கும்.

இந்த ஓட்டம் எங்கே நீளும் என்பதற்கும் ஒரு அடையாளம் உண்டு. டைல்களின் மேல் ஓரம் ஒரே மட்டமாக இருக்கிறது, அதில் வெளியே எட்டிப் பார்க்கும் கோடுகள் வெள்ளை, சிவப்பு, வெள்ளை, சிவப்பு என்று மாறி மாறி வருகின்றன என்று வையுங்கள். இடக்கோடியில் உள்ள வெள்ளையின் மேல் குறுக்குப் பக்கம் தெரிய ஒரு டைல் வைக்கிறீர்கள். அதன் வலது விளிம்பு சிவப்பு. பக்கத்து இடத்தின் அடியிலும் சிவப்பு, ஆகவே அங்கே கட்டாயம். அந்த வளைவின் வலது விளிம்பு வெள்ளையாகிவிடும். அதற்கடுத்த இடத்தின் அடியிலும் வெள்ளை, அங்கேயும் கட்டாயம். ஓரம் முடியும் வரை சரவெடி போல ஓடும். அதே இடக்கோடியில் வெள்ளை வலப்புறம் திரும்பும்படி வளைவை வைத்திருந்தால் பக்கத்தில் வெள்ளையும் சிவப்பும் சந்தித்திருக்கும், ஒன்றுமே நடந்திருக்காது. ஓட்டம் போகும் வழியில் ஒரே நிறம் இரண்டு அடுத்தடுத்து வந்தாலும் அங்கே நின்றுவிடும். ஆக, மாறி மாறி நிறம் வரும் மட்டமான ஓரத்தைப் பார்த்தால் அதைத் திரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். பற்றவைப்பது உங்களுக்கு லாபமா, மகளுக்கு லாபமா என்று பார்க்காமல் கிட்டே போக வேண்டாம். நான் ஒருமுறை ஒரே டைலில் பெரிய ஓட்டம் ஒன்றைக் கிளப்பிவிட்டுப் பெருமையாக நிமிர்ந்து பார்த்தேன். எதிரே இருந்தவர் சிரித்தபடி அவருடைய வளையத்தை விரலால் சுற்றிக் காட்டினார்.

அடுத்து, அவள் எப்படி ஜெயிக்கிறாள் என்பது. வளையம் மூடுவதற்கு முந்தைய நிலையை அடையாளம் காணப் பழகுங்கள். ஒரே கோட்டின் இரண்டு முனைகளும் ஒரே பக்கத்தில், அடுத்தடுத்த இடங்களில் எட்டிப் பார்த்தால் அது செஸ்ஸில் செக் வைத்தது மாதிரி. ஏனென்றால் ஒரு முனையை மற்றொன்றின் பக்கம் வளைத்துவிட்டால் போதும், அந்த இன்னொரு இடத்துக்குள் ஒரே நிறம் இரண்டு வந்துவிடும், கட்டாய விதியே வளையத்தை மூடிக் கொடுத்துவிடும். இந்தச் செக்குக்கு முந்தைய நிலை அதைவிட எளியது, வெறும் ஒற்றை வளைவு. ஒரு டைலில் வெள்ளை மேலிருந்து வலப்புறம் வளைகிறது. மேலே இன்னொரு டைல் வைத்து வெள்ளையை வலப்புறம் திருப்பினால் இரண்டு முனையும் வலப்பக்கத்தில் அடுத்தடுத்து நிற்கும். செக் வந்துவிட்டது. ஆகவே முழுசாக வெளியே தெரியும் ஒவ்வொரு ஒற்றை வளைவும் ஒரு நகர்வில் செக் ஆகக்கூடிய சரக்கு. மகளுடைய நிறத்தில் அப்படி எத்தனை கிடக்கின்றன என்று எண்ணிக்கொண்டே ஆடுங்கள்.

செக் வந்தால் எப்படி மறிப்பது? உங்களைப் போன்றவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள் என்பது என் அனுபவம். வெள்ளையின் இரண்டு முனைகளும் வலப்புறம் பார்த்து நிற்கின்றன, நீங்கள் சிவப்பு. கீழ் முனையின் முன்னால் குறுக்கு டைலை வைத்து மறித்துவிட்டோம் என்று நினைப்பீர்கள். வெள்ளை கீழே ஒரு கட்டம் முன்னே போயிருக்கிறது, அவ்வளவுதான். அவள் மேல் முனையிலும் ஒரு குறுக்கு டைலை வைத்தால் மறுபடி இரண்டு முனையும் பக்கத்துப் பக்கத்தில். மறுபடி செக். தண்டவாளம் போட்டுக்கொண்டே போகலாம், பிரச்சினை தீராது. அதற்குப் பதிலாகக் கீழ் முனையைக் கீழ்நோக்கி, அதாவது மேல் முனையிலிருந்து விலகிப் போகும்படி வளைத்துவிடுங்கள். வெள்ளை முனைகள் பிரிந்துவிடும். அதோடு அதே டைலின் மறுபாதியில் சிவப்பு மேலிருந்து வலப்புறம் வளைந்திருக்கும், அதாவது உங்களுக்கு ஒரு ஒற்றை வளைவு. ஒரே கல்லில் மறிப்பும் ஆயிற்று, அடுத்த செக்குக்கு அடித்தளமும் ஆயிற்று. குறுக்கு டைலால் மறிப்பதே தப்பு என்று சொல்லவில்லை. சில நேரம் அது ஒன்றுதான் வழி. ஆனால் கை பழக்கத்தில் முதலில் அதை நோக்கிப் போக வேண்டாம்.

ஒரே நகர்வில் இரண்டு செக் வந்துவிட்டால், அந்த இரண்டையும் ஒரே டைல் தொடுகிற இடம் இல்லாவிட்டால், ஆட்டம் முடிந்தது. மகள் உங்களை வீழ்த்துவது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும், அவளுக்கே தெரியாமல் கூட இருக்கலாம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஒற்றை வளைவுகளை அவளுக்கு விட்டுவைக்கவே கூடாது. சீக்கிரமே ஒன்றைத் தொந்தரவு செய்யுங்கள்.

8 வரிசைக் கோடு பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம். புதிதாக ஆடுகிறவர்களின் ஆட்டம் அவ்வளவு தூரம் வளர்வதற்குள் யாராவது வளையத்தில் விழுந்துவிடுவார்கள். வளையத்துக்கு இருவரும் தப்பிக்கத் தெரிந்த பிறகுதான் கோடு பயமுறுத்தும்.

அண்ணன் சொன்ன விதிகளில் ‘ஆளுக்கு 6 டைல் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்’ என்பது போல ஏதாவது வந்திருந்தால், அவர் டான்ட்ரிக்ஸோடு குழப்பிக்கொண்டிருக்கிறார். அதுவும் நியூசிலாந்து ஆட்டம்தான். மைக் மெக்மனவே என்பவர் உருவாக்கியது, அறுகோண டைல்கள் 56, நிறங்கள் நாலு. அங்கேயும் கட்டாய இடங்கள் உண்டு என்பதால் குழப்பம் சகஜம். டைல் எடுக்கும் அதிர்ஷ்டம் அதில் உண்டு, ட்ராக்ஸில் துளியும் கிடையாது. அதனால் தோற்றால் டைலைத் திட்ட முடியாது, அதில் எனக்கும் வருத்தம்தான்.

தொலைந்த டைல்கள் பெரிய விஷயமே இல்லை. எல்லாம் ஒரே அச்சு என்பதால் எது போனாலும் ஒன்றுதான், இருப்பதை வைத்தே ஆட்டம் நடக்கும். முழு செட்டாக வேண்டும் என்றால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். கல்யாணப் பத்திரிகை அட்டை போன்ற கெட்டி அட்டையை 4 செ.மீ. சதுரமாக வெட்டுங்கள். ஒரு பக்கத்தில் எதிரெதிர் விளிம்புகளின் நடுப்புள்ளிகளை இணைத்து ஒரு நிறம், மற்ற இரண்டை இணைத்து இன்னொரு நிறம். மறுபக்கத்துக்குக் கவராயத்தை 2 செ.மீ. திறந்து, முள்ளை ஒரு மூலையில் ஊன்றிக் கால்வட்டம் போடுங்கள், எதிர் மூலையிலும் அதேபோல இன்னொரு நிறத்தில். முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றுக்கொன்று நேராக அமைய வேண்டும் என்ற கவலை வேண்டாம், எப்படியும் திருப்பித்தானே வைக்கப் போகிறோம். விளிம்பின் சரியான நடுவில் கோடு தொட வேண்டும், அதில் மட்டும் கறாராக இருங்கள். அரை மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் பத்து டைல் சேரும்போது கண் உறுத்தும். வெள்ளை அட்டையில் வெள்ளைக் கோடு எடுபடாது என்பதால் கறுப்பும் சிவப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்துக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. 64 வெட்டி வைத்தால் ஓர் ஆட்டத்துக்குத் தாராளம்.

வீட்டில் சிக்குக் கோலம் போடுகிறவர்கள் யாராவது இருந்தால் ஒருமுறை கூப்பிட்டு ஆட்டத்தில் உட்கார வையுங்கள். கோடு எங்கே போய் எங்கே வந்து மூடும் என்று பார்க்கும் கண் அவர்களுக்கு ஏற்கெனவே பழகியிருக்கும். உங்கள் மகளுக்கும் அந்தக் கண் எங்கிருந்து வந்தது என்று விசாரித்துப் பாருங்கள்.

அடுத்த பத்து ஆட்டத்துக்கு ஒரு பயிற்சி வைத்துக்கொள்ளலாம். டைலைக் கீழே வைக்கும் முன் ‘இதனால் எத்தனை விழும்’ என்று வாய்விட்டு எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு வையுங்கள். மகளும் அப்படியே செய்யட்டும். எண்ணிக்கை தப்பினால் தண்டனை ஒன்றும் வேண்டாம், வைத்தது வைத்ததுதான். ஆனால் செக் வைக்கும்போது ‘செக்’ என்று சொல்ல வேண்டும் என்ற விதி ட்ராக்ஸில் இல்லை. மகள் சொல்லவில்லை என்று கோபித்துக்கொள்ள முடியாது, நீங்களும் சொல்ல வேண்டாம்.