மாமனாருக்கு ஏது எஸ்டேட்?

தங்கச்சி, மாமனார் தவறியபின் வக்கீல் அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தில் 'அவருடைய எஸ்டேட்' என்று இருக்கிறது, ஆயுசு முழுக்கத் தோட்டத்தில் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவருக்கு ஏது எஸ்டேட் என்று கேட்டிருந்தாய். நானும் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மலேசியாவில் இந்தச் சுங்கை சிப்புட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள்தான். இந்த ஊரில் அந்தச் சொல் நாலு பக்கமிருந்தும் காதில் விழும், ஒவ்வொரு இடத்திலும் ஒரு பொருளோடு.

கடிதத்தில் இருப்பது தோட்டம் இல்லை. ஒருவர் இறந்தபோது அவர் பேரில் இருந்த வீடு, வங்கிப் பணம், மோட்டார் சைக்கிள், அடைக்க வேண்டிய கடன் எல்லாம் சேர்ந்ததுதான் சட்டத்தில் எஸ்டேட். மலாயில் ஹர்த்தா புசாகா என்பார்கள். உயில் எழுதாமல் போயிருந்து, சொத்தில் வீடோ நிலமோ இருந்து, மதிப்பும் வரம்புக்குள் அடங்கினால் 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி நில அலுவலகத்திலேயே பங்கீட்டை முடிக்கலாம். உயர் நீதிமன்றம்வரை போகத் தேவையில்லை. இபிஎஃப் என்ற தொழிலாளர் சேமநிதிப் பணத்துக்கு மாமனார் யார் பேரையாவது கொடுத்திருந்தால் அது நேரே அந்தப் பேருக்கு உரியவரிடம் போய்விடும். அதைத் தனியாக விசாரி.

சரி, தோட்டத்துக்கும் செத்தவர் சொத்துக்கும் எப்படி ஒரே சொல்? லத்தீனில் 'நில்' என்ற பொருளுள்ள வேரிலிருந்து ஸ்டேட்டஸ் பிறந்தது. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் எஸ்டேட் ஆனது. ஸ்டேட், ஸ்டேட்டஸ், எஸ்டேட் மூன்றும் கூடப்பிறந்தவை. நமக்கு நில், நிலை என்று இருக்கிறதே, அதே போக்குதான். முதலில் அது ஒருவர் உலகத்தில் எந்த நிலையில் இருக்கிறார் என்பதையே குறித்தது. 1789-இல் பிரான்சில் கூடிய சபையில் பாதிரிமார், பிரபுக்கள், மற்ற மக்கள் என்று மூன்று எஸ்டேட். பத்திரிகையை நான்காவது தூண் என்கிறோமே, ஆங்கிலத்தில் அது நான்காவது எஸ்டேட். அந்தஸ்தைச் சொத்தை வைத்து, அதிலும் நிலத்தை வைத்து அளந்த காலம் அது; நிலையைச் சொன்ன சொல் சொத்துக்கும் நிலத்துக்கும் பேராகிவிட்டது. ஊரில் நீ கேட்ட ரியல் எஸ்டேட்டும் இதில் வந்ததுதான்.

வெள்ளைக்காரர் இங்கே காபியும் ரப்பரும் போட்ட பெரிய நிலங்களுக்கு அந்தப் பேரையே வைத்தார்கள். பலகையில் மலாயில் லாடாங் என்று பார்த்தால் அதுவும் எஸ்டேட்தான், நம் ஆட்கள் வாயில் தோட்டம். டவுனுக்கு இடம் மாறிய தமிழ்ப்பள்ளிகள் சிலவற்றின் பேரில்கூட லாடாங் ஒட்டிக்கொண்டிருக்கும். பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டமே பள்ளி வைக்க வேண்டும் என்று 1923 தொழிலாளர் சட்டம் சொன்னது. அப்படி எழுந்த பள்ளிகள் அவை.

நிலச் சட்டத்தில் எஸ்டேட் என்றால் ஒன்றையொன்று ஒட்டிய 40 ஹெக்டேருக்குக் குறையாத விவசாய நிலம். அதற்கென்று இருக்கும் எஸ்டேட் நில வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் அதைத் துண்டு போட்டு விற்க முடியாது. அந்தக் கட்டுப்பாட்டுக்குப் பின்னால் பெரிய வேதனை இருக்கிறது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் கூறுபோட்டு விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்குக்கு நின்று, மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணமான மங்கு மங்காகப் பாலை வாளியில் சேர்த்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்த குடும்பங்களுக்கு ஒரே நாளில் வேலையும் போனது, தோட்டம் கொடுத்திருந்த வரிசை வீடான லயத்து வீடும் போனது. இந்த ஊரைச் சேர்ந்த, அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளிகளிடம் மாதம் 10 வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்க வைத்தார். முதலில் வாங்கியது கெடாவில் புக்கிட் சிடிம். எஸ்டேட்டில் உழைத்தவர்கள் எஸ்டேட்டுக்குப் பங்குதாரர் ஆனார்கள். எனக்கு இந்த ஊரின் பேரில் பெருமை வந்ததே அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான்.

அப்புறம் ஒன்று. சந்தையில் மீனுக்கு நிற்கும்போது பக்கத்துப் பாட்டி "எந்தத் தோட்டம்மா நீங்க?" என்று கேட்பார். சொத்து விசாரிப்பதாக நினைக்காதே, நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கிறார். மாமியாரிடம் தோட்டத்தின் பேரைக் கேட்டு வைத்துக்கொள். பலகையில் ஒரு பேரும் நம் ஆட்கள் வாயில் வேறொரு பேரும் இருக்கலாம், இரண்டையும் கேள்.