கோடிங்கிலிருந்து டெக்னிக்கல் ரைட்டிங்குக்கு மாறலாமா?

தம்பி, புரோகிராமிங்கை விட்டு, மென்பொருளுக்குக் கையேடு எழுதும் டெக்னிக்கல் ரைட்டர் ஆகலாமா, ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவனை இங்கே வெளிநாட்டில் எடுப்பார்களா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக மாறலாம். ஆனால் முதலில் விசாவைப் பாருங்கள். பல நாடுகளில் வேலை விசா முதலாளியோடு மட்டுமில்லை, செய்யும் வேலையோடும் சேர்ந்தது. வேலை மாறினால் புது விண்ணப்பம் தேவைப்படலாம். உங்கள் பட்டம் பொருந்துமா என்றும் பார்ப்பார்கள். குடிவரவு வழக்கறிஞரைக் கேட்காமல் ராஜினாமா கொடுத்துவிடாதீர்கள்.

ஆங்கிலத்துக்கு இவ்வளவு பயப்பட வேண்டாம். விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்காக உருவான ஏஎஸ்டி-எஸ்டிஇ100 என்ற எளிய ஆங்கில விதிப்படி, செய்முறை வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக் கூடாது. அலங்கார நடைக்கு அங்கே இடமே இல்லை. அந்த அளவில் எழுதிப் பழகுங்கள், போதும்.

புரோகிராமர்கள் சறுக்குவது வேறு இடத்தில். "ஆத் மாட்யூல் டோக்கனைச் சரிபார்க்கும், தவறினால் 401 அனுப்பும்" என்று எழுதுவார்கள். கோட் என்ன செய்கிறது என்பதைச் சொல்லியாயிற்று. படிப்பவரோ 401 என்ற பிழை எண்ணைப் பார்த்துத் திகைத்து நிற்கிறார். "401 வந்தால் டோக்கன் காலாவதியாகியிருக்கலாம். புது டோக்கன் எடுத்து, ரிக்வெஸ்டை மறுபடி அனுப்புங்கள்" என்பதுதான் அவருக்கு வேண்டும்.

எழுத்து மாதிரி கட்டாயம் கேட்பார்கள். கம்பெனி ஆவணத்தைக் காட்டாதீர்கள், ரகசிய ஒப்பந்தத்தில் மாட்டிக்கொள்வீர்கள். ஓர் ஓபன் சோர்ஸ் மென்பொருளை எடுத்து, எதுவும் நிறுவாத வெர்ச்சுவல் மெஷினில் அதன் இன்ஸ்டால் பக்கத்தை வரிக்கு வரி செய்து பாருங்கள். பெரும்பாலும் எங்காவது நின்றுவிடும்: பைத்தான் வெர்ஷன் சொல்லியிருக்காது, ஓர் என்விரான்மென்ட் வேரியபிள் விட்டுப்போயிருக்கும். எழுதியவர் மெஷினில் அது ஏற்கெனவே இருந்ததால் அவருக்குத் தோன்றியிருக்காது. திருத்தி, அதைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி புல் ரிக்வெஸ்ட் அனுப்புங்கள். ரிவ்யூ கமென்ட்டுகளோடு அது எல்லார் கண்ணுக்கும் தெரியும். நேர்காணலில் அதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை. கூடவே ஒரு டுடோரியலும், ஏபிஐ-க்கு (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) அதை விவரிக்கும் ஓபன்ஏபிஐ கோப்பை வைத்து எழுதிய ஒரு ரெஃபரன்ஸும் இருந்தால் போதும்.

இந்த ஆவணங்களை எழுதவும் வைத்துக்கொள்ளவும் உதவும் கிட் (Git), மார்க்டவுன் உங்களுக்குப் பழகினவை. கூகுளின் டெவலப்பர் ஸ்டைல் கைடும் டெக்னிக்கல் ரைட்டிங் பாடங்களும் இலவசமாகவே கிடைக்கின்றன.

பிசினஸ் ரைட்டிங்கை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். டெண்டர் பதில், புரபோசல் எழுதுவதில் உங்கள் கோடிங் அனுபவத்துக்கு அவ்வளவு மதிப்பு கிடைக்காது. ஏபிஐ ஆவணத்தில் அதுதான் முதல் தகுதி.

சம்பளம் டெவலப்பரைவிடக் குறையக்கூடும், அதையும் கணக்கில் வையுங்கள். இப்போதைய கம்பெனியில் ஆவணம் எழுதும் டீம் இருந்தால், அடுத்த ரிலீஸ் நோட்ஸை நீங்களே எழுதுவதாகக் கேட்டு வாங்குங்கள்.