தனி அறை இருக்கட்டும், முதலில் மாமியார் வீட்டைக் கவனியுங்கள்

கேள்வி: எனக்கு வயது 31. கோவை சரவணம்பட்டியில் மென்பொருள் வேலை. முதல் மாடியில் இரண்டு படுக்கையறை வாடகை வீடு. மனைவிக்கு ஏழாம் மாதம். வருகிற வாரம் வளைகாப்பு முடிந்ததும் கோவில்பட்டி பக்கம் உள்ள அம்மா வீட்டுக்குப் போகிறாள். பிரசவம் அங்கேதான். குழந்தைக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது இங்கே அழைத்து வருவோம். அதற்குள் ஓர் அறையைக் குழந்தைக்கென்றே தயார் செய்ய ஆசை. பெயின்ட், மரத்தொட்டில், ஏசி, உடுப்புகள் என்று பட்டியல் 60,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. என் அம்மாவோ, பிள்ளை பிறப்பதற்கு முன் ஒரு துணிகூட வாங்கக்கூடாது என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: ‘ஐந்தாம் மாதம் நடக்கும்போது அழைத்து வருவோம்’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். விஷயமே அதில்தான் இருக்கிறது. நீங்கள் போட்டிருக்கும் பட்டியல் பிறந்த குழந்தைக்கானது. உங்கள் வீட்டுக்கு வரப்போவதோ கழுத்து நின்று, குப்புற விழத் தொடங்கியிருக்கும் குழந்தை. எடை பிறந்தபோது இருந்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகியிருக்கும். இன்று வாங்கும் குட்டிச் சட்டையில் அதன் கைகூட நுழையாது. பச்சைக் குழந்தையாக அது இருக்கப்போவது கோவில்பட்டி வீட்டில். தயாராக வேண்டிய முதல் வீடு அதுதான். தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்துப்போகும் வழக்கம் உள்ள நம் ஊரில் பெரும்பாலான அப்பாக்கள் தவறான வீட்டுக்குத்தான் பெயின்ட் அடிக்கிறார்கள்.

அம்மாவின் பேச்சை முதலில் முடித்துவிடுவோம். என்னைக் கேட்டால் அவர் சொல்கிறபடியே விட்டுவிடுங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது. முதல் வாரக் குழந்தைக்கு வேண்டியது பழைய வேட்டியைக் கிழித்த துணி. புதுத் துணியைவிட அதுதான் மெத்தென்று இருக்கும், ஈரத்தையும் நன்றாக இழுக்கும். நன்கு துவைத்து, கொதிநீரில் போட்டு, வெயிலில் காயவைத்து, இருபது முப்பது துண்டுகள் மடித்து வைத்தால் போதும். மற்றதெல்லாம் பிறந்த அன்றே கடைத்தெருவில் கிடைக்கும். ஆஸ்பத்திரிப் பையை மட்டும் ஒன்பதாம் மாதம் தொடங்கும்போதே கட்டி வைத்துவிடுங்கள். அதில் வைப்பது பெரும்பாலும் தாயின் துணிமணியும் பரிசோதனைக் காகிதங்களும்தான் என்பதால் அம்மாவும் ஒன்றும் சொல்லமாட்டார்.

தமிழக அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கென்று 2015-ல் 16 பொருட்கள் கொண்ட ஒரு பெட்டகம் தரத் தொடங்கினார்கள். துண்டு, சட்டை, சின்னப் படுக்கை, கொசுவலை, எண்ணெய், சோப்பு, நகவெட்டி, கிலுகிலுப்பை. தாய்க்கும் ஒரு சோப்பு, சௌபாக்கிய சுண்டி லேகியம். மரத்தொட்டில் கிடையாது, பால் புட்டி கிடையாது. பட்டியலில் எதைச் சேர்ப்பது என்ற குழப்பம் வந்தால் அந்தப் பெட்டகத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி கோவில்பட்டி வீடு. வெளிச்சமும் காற்றும் உள்ள அறை, பக்கத்திலேயே குளியலறை. ‘பச்சை உடம்புக்காரி’ என்று இருட்டு அறையில் ஜன்னலைச் சாத்திப் போட்டுவிட வேண்டியதில்லை. தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் வழக்கமும் வேண்டாம். மின்விசிறி தாராளமாக ஓடலாம், குழந்தையின் முகத்துக்கு நேராக அடிக்காமல் இருந்தால் சரி. கொசுவுக்கு வலைதான் மருந்து, சுருளோ திரவக் கருவியோ வேண்டாம். குளிப்பாட்டியதும் சாம்பிராணி காட்டும் ஆசை எல்லாப் பாட்டிகளுக்கும் உண்டு. சாமி அறையோடு அந்தப் புகை நிற்கட்டும், பிஞ்சு நுரையீரலுக்கு அது ஆகாது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதில் எனக்கு மறுப்பே இல்லை. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதுதான் வினை. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாக மாறிய குழந்தைகளை மருத்துவராக நானே பார்த்திருக்கிறேன். பிறந்ததும் சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் என்றைக்குமே கூடாது.

தூளி விஷயத்தில் நான் கறாராக இருப்பதில்லை. ஆனால் அதில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பிறந்த குழந்தைக்குத் தலை கனம், கழுத்து துவளும், மூச்சுக்குழாய் மெல்லியது. துணி குழிந்து முகவாய் நெஞ்சில் முட்டும்போது மூச்சு அடைபடலாம். தானாகத் தலையை நிமிர்த்த அதற்குத் தெரியாது. அதனால் பகலில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது, தொட்டில் கம்பு செருகித் துணியை அகலமாக விரித்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கட்டிக்கொள்ளலாம். இரவில் தரையில் பாய், அதன்மேல் கெட்டியான விரிப்பு. குழந்தை மல்லாந்து படுக்க வேண்டும். தலையணை, கடுகுத் தலையணை, பொம்மை எதுவும் பக்கத்தில் கூடாது. அம்மாவின் அறையிலேயே, கை எட்டும் தூரத்தில், ஆனால் அதற்கென்று தனி விரிப்பில் படுக்கட்டும். குப்புற விழத் தொடங்கிய நாளோடு தூளியைக் கழற்றிவிடுங்கள்.

தூளிக்குள் இருக்கும் இன்னோர் ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. ஒருமுறை ஐந்தாம் நாள் குழந்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உள்ளங்கால்வரை மஞ்சள். பால் குடிக்கவில்லை, எழுப்பினால் லேசாக முனகியது. சுற்றியிருந்த துணியை விலக்கியபோது குப்பென்று ஒரு வாசனை; பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தால் வருமே, அது. பாட்டி தன் கல்யாணச் சேலையைப் பத்திரமாக வைத்திருந்து எடுத்துத் தூளி கட்டியிருந்தார், போர்த்தியதும் அதே பெட்டியில் இருந்த துணிதான். பெட்டியில் பாச்சை உருண்டை. நாப்தலின் உருண்டை, அந்துருண்டை என்பதெல்லாம் இதுதான். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு இந்த ஆவி பட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள்காமாலை மளமளவென்று ஏறும். மூளைவரை பாதிக்கும். ஆண் குழந்தைகளுக்கே இந்தக் குறைபாடு அதிகம். யாருக்கு இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. அந்தக் குழந்தைக்கு ரத்தம் மாற்ற வேண்டியிருந்தது. பிழைத்துக்கொண்டான். பாட்டி அந்தச் சேலையைத் திரும்பக் கையில் வாங்கவே இல்லை.

உருண்டை போட்ட பெட்டியிலோ பீரோவிலோ இருந்த துணி எதுவும் குழந்தைப் பக்கம் வரவேண்டாம். குழந்தை இருக்கும் அறையிலும் குளியலறையிலும் உருண்டைகள் இருந்தால் எடுத்துப் போட்டுவிடுங்கள். சொந்தக்காரர்கள் அன்போடு கொண்டுவரும் பழைய குழந்தை உடுப்புகளையும் முகர்ந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

பணம் செலவழிக்க ஆசையாக இருந்தால் உங்கள் மனைவிக்குச் செலவழியுங்கள். பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். ஒரு முறைக்கு அரை மணி என்றாலே நான்கு முதல் ஆறு மணி நேரம் அவர் உட்கார்ந்தே இருக்க வேண்டும், அதில் பாதி நடுராத்திரியில். முதுகுக்குச் சாய்மானமும் கைப்பிடியும் உள்ள ஒரு நாற்காலி, கை எட்டுகிற இடத்தில் தண்ணீர்ச் செம்பு, கண்ணைக் கூசாத ஒரு சின்ன விளக்கு, கரண்ட் போனாலும் ஓடும் ஒரு மின்விசிறி. குழந்தை அறை என்று நீங்கள் சொல்வது உண்மையில் இந்த மூலைதான். பிறந்த குழந்தைக்கு 20, 30 சென்டிமீட்டருக்கு அப்பால் எதுவும் தெளிவாகத் தெரியாது. சுவரில் வரையும் யானையும் மயிலும் உங்கள் செல்போனுக்குத்தான்.

மனைவி கிளம்புவதற்கு முன் கோவையில் முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. கர்ப்பப் பதிவின்போது கொடுத்த 12 இலக்க பிக்மி எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பிரசவம் வேறு ஊரில் என்று செவிலியரிடம் சொல்லுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண் தேவை. பிறப்பைப் பதிவதும் பிறந்த ஊரில்தான், 21 நாட்களுக்குள்.

இனி உங்கள் வீடு. பெயின்ட் அடிப்பதென்றால் இப்போதே அடித்து, ஜன்னலைத் திறந்துபோட்டு வாசனை போகவிடுங்கள். 2017 நவம்பர் முதல் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்பது சட்டம். அதற்கு முந்தைய கட்டடமென்றால் ஜன்னல் கம்பியிலும் கதவிலும் இருக்கும் பழைய எனாமலை உலர்வாகச் சுரண்டாதீர்கள். அந்தத் தூசிதான் பின்னால் தவழும் குழந்தையின் விரல்வழி வாய்க்குப் போகும். ஏசி கோவைக்குக் கட்டாயமில்லை; போட்டாலும் 26-ல் வைத்தால் போதும்.

மரத்தொட்டில் வாங்குவதென்றால் கையில் அளவுநாடா கொண்டுபோங்கள். கம்பிகளுக்கு நடுவே ஆறு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது, மெத்தை கெட்டியாக இருக்க வேண்டும், மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் நுழையக்கூடாது. சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்பு அழகாக இருக்கும், வேண்டாம். வாங்காவிட்டாலும் குறையில்லை. ஐந்து மாதக் குழந்தைக்குத் தரையைவிடப் பத்திரமான கட்டில் இல்லை. “இப்பத்தான் டாக்டர் திரும்பினேன், கட்டில்ல இருந்து விழுந்துட்டான்” என்று வருகிறவர்கள் எல்லாருமே இரண்டு பக்கமும் தலையணை அணைகட்டியவர்கள்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே வீட்டுத் தரையில் குப்புறப் படுத்து, செல்போன் டார்ச்சோடு ஊர்ந்து பாருங்கள். சோபாவுக்கு அடியில் கிடக்கும் ரிமோட்டின் பட்டன் பேட்டரி, தொங்கும் சார்ஜர் ஒயர், கீழ்வரிசைப் பிளக் ஓட்டைகள், குளியலறையில் நிரப்பி வைத்த வாளி எல்லாம் அப்போதுதான் தெரியும். பட்டன் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துபோகும். வாளியில் ஒரு சாண் தண்ணீர் இருந்தாலும் குழந்தை மூழ்க அது போதும், ராத்திரி கவிழ்த்து வையுங்கள். முதல் மாடி என்பதால் பால்கனிக் கம்பிகளுக்கு வலை அடித்துவிடுங்கள். வாக்கர் வாங்கவே வேண்டாம். கனடா 2004-லேயே அதை விற்கத் தடை போட்டுவிட்டது.

மிச்சமாகும் பணத்தில் பின்னோக்கி உட்காரவைக்கும் கார் சீட் ஒன்று வாங்குங்கள். கோவில்பட்டியிலிருந்து வருவது நீண்ட பயணம், மடியில் வைத்துக்கொண்டு வருவது பாதுகாப்பல்ல. பாதி வழியில் இரண்டு மூன்று இடத்தில் நிறுத்திப் பால் கொடுக்க நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

அதற்கெல்லாம் இன்னும் மாதக்கணக்கில் நாள் இருக்கிறது. இந்த வாரம் செய்ய வேண்டியது ஒரு போன். மாப்பிள்ளையே கேட்டால் அத்தை சங்கடப்படுவார், மனைவியைக் கேட்கச் சொல்லுங்கள்: தூளிக்கு எந்தச் சேலையை எடுத்து வைத்திருக்கிறார்கள், அது இப்போது எந்தப் பெட்டியில் இருக்கிறது?