கணக்குத் தெரிந்தும் தப்பு வருவது ஏன்? – கடிதம்

வணக்கம் ஐயா,

என் மகன் ஏழாம் வகுப்பு. வாய்ப்பாடு, பின்னம் எல்லாம் அத்துப்படி. வாக்கியக் கணக்கு என்றால் மட்டும் தப்பு. திருத்தச் சொன்னாலும் அதே தப்பையே போடுகிறான். ஒரு கணக்கை இணைத்திருக்கிறேன். டியூஷன் ஆசிரியர் 'எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன் வீக்' என்கிறார். மூளைப் பயிற்சி ஆப் ஒன்றுக்குப் பணம் கட்டச் சொல்கிறார். கட்டலாமா?

கே., கும்பகோணம்

அன்புள்ள கே.,

12 நோட்டு 240 ரூபாய்க்கு வாங்கியவர், நனைந்துபோன மூன்றைத் தூக்கிப்போட்டுவிட்டு மீதியைத் தலா 30 ரூபாய்க்கு விற்கிறார். லாபம் எவ்வளவு? உங்கள் மகன் 120 என்று எழுதியிருக்கிறான். ஒரு நோட்டு 20 ரூபாய், விற்றது 30, ஒன்றுக்கு 10, பன்னிரண்டுக்கு 120. வகுத்ததும் சரி, பெருக்கியதும் சரி. நனைந்த மூன்று நோட்டு மட்டும் நடுவில் காணாமல் போய்விட்டது. விடை 30 ரூபாய்தான்.

ஆகவே ஆசிரியர் சொன்னது ஒரேயடியாகத் தப்பில்லை. அவர் சொன்ன பெயரில் முக்கியமாக மூன்று திறமைகள் அடக்கம்: சட்டென்று தோன்றியதைச் செய்துவிடாமல் இருப்பது, வேண்டிய தகவலை மனதில் வைத்துக்கொண்டே வேலை பார்ப்பது, ஒரு வழி சரிவராவிட்டால் வேறு வழிக்கு மாறுவது. உங்கள் மகனுக்கு முதல் இரண்டும் இந்தக் கணக்கில் கைகொடுக்கவில்லை. திருத்தும்போது மூன்றாவதும்.

மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கனடாவின் மான்ட்ரியலில் பிரெண்டா மில்னர் என்ற மூளை ஆய்வாளர் 1963-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வலிப்புக்காக மூளையின் முன்பகுதியில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் வடிவங்கள் அச்சிட்ட சீட்டுகளைக் கொடுத்து வகை பிரிக்கச் சொன்னார். நிறத்தை வைத்தா, வடிவத்தை வைத்தா, எண்ணிக்கையை வைத்தா என்று சொல்லமாட்டார்கள். 'சரி', 'தப்பு' மட்டும்தான். தொடர்ந்து பத்துச் சீட்டு சரியாக வைத்தால் விதி சத்தமில்லாமல் மாறிவிடும். இவர்களில் பலர் 'தப்பு', 'தப்பு' என்று கேட்டுக்கொண்டே பழைய விதிப்படியே வைத்துக்கொண்டிருந்தார்கள். (பயந்துவிடாதீர்கள், உங்கள் பையனுக்கு அப்படி ஒன்றும் இல்லை. மூளையின் அந்தப் பகுதி முழுதாக முதிர இருபது வயதைத் தாண்டிவிடும். பன்னிரண்டு வயதில் இதெல்லாம் சகஜம்.)

ஆப் வேண்டாம். அதில் விளையாடினால் அந்த விளையாட்டில் மதிப்பெண் ஏறும். பள்ளிக் கணக்குக்கு அது பெரிதாக உதவியதாக ஆய்வுகள் காட்டவில்லை. டியூஷனில் கடிகாரம் வைத்து வேகக் கணக்குப் போடவைத்தால் அதையும் கொஞ்ச நாள் நிறுத்தச் சொல்லுங்கள். முதலில் தோன்றியதை எழுதும் பழக்கத்தை அதுவே வளர்க்கும்.

பேனாவை எடுக்கும் முன் 'என்ன கேட்டிருக்கிறார்கள்?' என்பதை அவன் வாயால் சொல்லட்டும். கணக்கில் வரும் ஒவ்வொரு எண்ணையும் பயன்படுத்தியதும் டிக் அடிக்கட்டும். டிக் விழாத எண் ஏன் தேவையில்லை என்று அவன் காரணம் சொல்ல வேண்டும். இந்தக் கணக்கில் அந்த 3 தானாகவே மாட்டிக்கொள்ளும்.

அப்புறம், தப்பான கணக்கை அதே பக்கத்தில் திருத்தச் சொல்லாதீர்கள். பழைய வரிகள் கண்ணில் பட்டால் கை அந்த வழியிலேயே போகும். பக்கத்தைத் திருப்பி, 'கடைசியில் கடைக்காரர் கையில் எவ்வளவு பணம் வந்தது?' என்று மட்டும் கேளுங்கள். ஒன்பது முப்பது 270. வாங்கியது 240. மிச்சத்தை அவனே போட்டுவிடுவான்.